பிஎஸ்6 வரைக்கும் காத்திருக்கவா, இல்ல கன்சோலே வேணாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். திருச்சி பக்கத்துல ஒரு சின்ன ஊர், எனக்கு வயசு 26. வீட்ல ஒரு பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4, டிவில மாட்டி கேம் ஆடுற சோனி பெட்டி) இருக்கு, டிஸ்க் இருபத்தஞ்சு கிட்ட சேர்த்து வச்சிருக்கேன். பிஎஸ்5 வாங்கணும்னு மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் ஒதுக்கி இப்ப தான் காசு சேர்ந்துச்சு. கூட வேலை பாக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன் "கன்சோல் காலமே முடிஞ்சுதுடா, இனி எல்லாம் கிளவுட் தான், கேம் எங்கயோ சர்வர்ல ஓடும், படம் மட்டும் நெட்ல வரும், மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸே கடைய சாத்துறான், பிஎஸ்6 தான் கடைசி, அதுலயும் டிஸ்க் இருக்காது, இருக்குற டிஸ்க்க எல்லாம் இப்பவே வித்துடு"ன்னு சொல்றான். எங்க மாமா "அவசரப்படாத, புது மாடல் வந்தா பழசு பாதி விலைக்கு வரும், அப்ப வாங்கிக்கலாம்"ங்கிறார். நீங்க மெஷின பிரிச்சு வேலை பாக்குறவர், உங்க கருத்த கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.

பதில்: தம்பி, முடிவ முதல்ல சொல்லிடுறேன், காரணத்த அப்புறம் நிதானமா பேசுவோம். காசு கையில இருக்குன்னா டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 இப்பவே வாங்குங்க, பிஎஸ்6க்காக காத்திருக்க வேணாம். டிஸ்க் ஒண்ணக்கூட விக்காதீங்க, பழைய பிஎஸ்4வயும் விக்காதீங்க. கன்சோல்ங்கிற பெட்டி இப்போதைக்கு எங்கயும் போகாது. போயிட்டு இருக்குறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, நாள் ஆக ஆக கன்சோல் விலை இறங்கும்ங்கிற பழக்கம். இன்னொண்ணு, காசு குடுத்து வாங்குன கேம் நம்ம சொத்துங்கிற உரிமை. மாமா முதல் விஷயத்த நம்பி காத்திருக்க சொல்றார், ஃப்ரெண்ட் ரெண்டாவது விஷயத்த நீங்களாவே கைய விட்டுட சொல்றார், ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துல தான் சொல்றாங்க, ஆனா ரெண்டுமே உங்களுக்கு நஷ்டம்.

கன்சோல் ஒழிஞ்சிடும்ங்கிற ஜோசியம் இன்னைக்கு நேத்து சொல்றது இல்ல. 1983ல அமெரிக்கால வீடியோ கேம் வியாபாரமே படுத்துருச்சு, அட்டாரி கம்பெனி விக்காம தேங்கிக் கிடந்த கேம் கேட்ரிட்ஜ லாரில ஏத்திட்டுப் போய் நியூ மெக்சிகோவுல அலமோகோர்டோங்கிற ஊர் குப்பைமேட்டுல புதைச்சாங்க, 2014ல அங்க தோண்டினப்ப நிஜமாவே கேட்ரிட்ஜ் வெளிய வந்துச்சு. வீடியோ கேம்னு சொன்னாலே கடைக்காரங்க சரக்கு எடுக்க மாட்டேன்னு சொன்ன காலம் அது, அதனால நின்டெண்டோ 1985ல என்இஎஸ்ங்கிற கன்சோல அங்க கொண்டு போனப்ப கூடவே ஒரு குட்டி ரோபோவையும் வச்சு பொம்மை கணக்கா தான் கடைக்குள்ள நுழைஞ்சாங்க. அதுக்கப்புறம் அந்த வியாபாரம் எப்படி வளர்ந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அடுத்த ரவுண்டு 2012 வாக்குல. எல்லார் கையிலயும் ஸ்மார்ட்ஃபோன் வந்துடுச்சு, ஒரு டாலருக்கு கேம் கிடைக்குது, இனி யாரு பெட்டி வாங்குவான்னு பேசுனாங்க. அப்ப பார்த்து நின்டெண்டோ 2012 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல இயக்க நஷ்டம் காட்டுச்சு, அதே வருஷக் கடைசியில விட்ட வீ யூங்கிற கன்சோல் கடைசி வரைக்கும் ஒண்ணேகால் கோடி சொச்சம் தான் வித்துச்சு. பேசாம கன்சோல விட்டுட்டு மொபைலுக்கு கேம் பண்ணுங்கன்னு பங்கு வச்சிருந்தவங்களே நெருக்குனாங்க. அதே சமயம் ஊயான்னு ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி, 99 டாலர், கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி திரட்டுற தளத்துல 85 லட்சம் டாலருக்கு மேல ஜனங்க காசு போட்டாங்க, பெரிய கம்பெனிகளுக்கு இது தான் முடிவுன்னு எழுதுனாங்க. 2013ல வந்துச்சு, 2015லயே அந்தக் கம்பெனி கைமாறிடுச்சு. போயிடும்னு சொன்ன கன்சோல்ல பிளேஸ்டேஷன் 4 பதினொன்றரை கோடிக்கு மேல வித்துச்சு, கன்சோல விட்டுடுன்னு யார சொன்னாங்களோ அந்த நின்டெண்டோ 2017ல ஸ்விட்ச்ங்கிற கன்சோல விட்டு 15 கோடிய தாண்டிடுச்சு, 2025 ஜூன் 5ல வந்த ஸ்விட்ச் 2 முதல் நாலு நாள்லயே 35 லட்சம் போச்சு.

சரி, இதெல்லாம் பழைய கதை, கிளவுட் வேற மாதிரி இல்லையான்னு கேப்பீங்க. அதையும் பாத்தாச்சு. ஆன்லைவ்னு ஒண்ணு 2010ல வந்து 2015ல மூடுனாங்க. 2019 நவம்பர்ல கூகுள் ஸ்டேடியாங்கிற கிளவுட் கேம் சேவைய விட்டுச்சு, உலகத்துலயே பெரிய நெட்வொர்க் வச்சிருக்குற கம்பெனிகள்ல ஒண்ணு, பணத்துக்கும் பஞ்சம் இல்ல, அவங்களே 2023 ஜனவரி 18ல இழுத்து மூடிட்டு வாங்குனவங்களுக்கு காச திருப்பிக் குடுத்தாங்க. கூகுளாலயே முடியலன்னா அதுக்கு ஆழமான காரணம் இருக்கணும் இல்லையா, அத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அடுத்த தடவ யாராவது இதே பேச்ச எடுத்தா நீங்களே எடை போட்டுக்கலாம்.

முதல் காரணம் தூரம். ஒரு கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுதுன்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் தான். ஃபைபர் கேபிளுக்குள்ள வெளிச்சம் ஒரு மில்லிசெகண்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் மும்பைல இருக்குன்னு வச்சுக்குங்க, உங்க ஊர்ல இருந்து நேர்கோட்டுல போய் வந்தாலே ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல, அதுக்கே பத்து பதினோரு மில்லிசெகண்ட் போச்சு, கேபிள் நேர்கோட்டுலயும் போகாது. அதுக்கு மேல படத்த சுருக்கி அனுப்ப கொஞ்சம், இங்க வந்து விரிக்க கொஞ்சம், வீட்டு வைஃபைல கொஞ்சம், டிவில கொஞ்சம். சீட்டு கேமுக்கு இது தெரியாது. ஃபுட்பால் கேம்லயோ சண்டை கேம்லயோ பட்டன அமுக்குறதுக்கும் ஆள் அசையுறதுக்கும் நடுவுல ஒரு ஜவ்வு வந்து நிக்கும், பிஎஸ்4ல இத்தனை வருஷம் பழகுன உங்க விரலுக்கு அது உடனே தெரிஞ்சிடும். டேட்டா கணக்கும் உண்டு, 20 எம்பிபிஎஸ் வேகத்துல ஒரு மணி நேரம் ஸ்ட்ரீம் பண்ணா 9 ஜிபி.

ரெண்டாவது காரணம் பணம், இது தான் நிறைய பேர் யோசிக்காதது. ஒரே சர்வர்ல ஆயிரக்கணக்கான பேருக்கு சினிமா காட்டலாம், கேம் அப்படி இல்ல, விளையாடுற ஒவ்வொருத்தருக்கும் அங்க ஒரு கன்சோல் அளவு சக்தி தனியா ஓடிக்கிட்டு இருக்கணும். பகல்ல சும்மா கிடக்கும், ராத்திரி ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாரும் ஒண்ணா வந்து உக்காருவாங்க, கல்யாண வீட்ல ஊரே ஒரே பந்தியில உக்காரும்னா அத்தனை இலையும் போட்டே ஆகணும் இல்ல, அதே கதை. ஆக மொத்தம் உங்க டிவிக்கு கீழ இருக்க வேண்டிய பெட்டிய அவங்க கட்டடத்துல வாங்கி வச்சு கரண்ட் பில்லும் ஏசி பில்லும் கட்டணும், அத மாசாமாசம் உங்ககிட்ட இருந்து தான் எடுப்பாங்க. ஸ்டேடியால அதுக்கும் மேல கேமயும் முழு விலை குடுத்து வாங்கணும்னு வச்சாங்க, மூடிட்டா அந்த கேம் கையில இருக்காதுன்னு ஜனங்களுக்கு புரிஞ்சுது, யாரும் வரல.

கிளவுட் உபயோகமே இல்லன்னு சொல்லல. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் 2025 நவம்பர்ல தான் இந்தியாவுக்கு வந்துச்சு, வெளியூர்ல இருக்கப்ப ஃபோன்ல பத்து நிமிஷம் தொட்டுப் பாக்க, ஒரு கேம் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி பிடிக்குதான்னு பாக்க, அதுக்கு நல்லா இருக்கும். சோனி தன்னோட பிளஸ் சந்தாவுல கிளவுட் உள்ள பிரீமியம் பிளான வேற நாடுகள்ல விட்டப்ப நம்மளுக்கு கிளவுட் இல்லாத டீலக்ஸ்னு ஒண்ணு தான் குடுத்தாங்க. கன்சோலுக்கு கூடவே ஒரு வசதியா கிளவுட் வளரும், அது இருக்குறதால பெட்டி வேணாம்ங்கிற நிலைமை அடுத்த தலைமுறையில வராதுங்கிறது என் கணிப்பு.

இப்ப மாமா சொன்னதுக்கு வருவோம், ஏன்னா உங்க பாக்கெட்ட நேரா தொடுறது அது தான். அவர் அனுபவத்துல அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பிஎஸ்2 2000ல அமெரிக்கால 299 டாலர், 2002ல 199, 2004ல 149, 2006ல 129, 2009ல 99. பிஎஸ்4 2013ல 399, மூணே வருஷத்துல ஸ்லிம் 299. இப்படி பாத்துப் பழகுன யாரும் காத்திருன்னு தான் சொல்வாங்க. பிஎஸ்5 என்ன பண்ணுச்சு? 2020ல 499 டாலர், 2025 ஆகஸ்ட்ல 549. டிஸ்க் இல்லாத மாடல் 399ல ஆரம்பிச்சு அதே ஆகஸ்ட்ல 499க்கு வந்துச்சு. நம்ம ஊர்ல 2021 பிப்ரவரியில வந்தப்ப 49,990 ரூபா, 2022லயே 54,990 ஆக்கிட்டாங்க. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499ல இருந்து 2025ல மட்டும் ரெண்டு தடவ ஏறி 649. பழைய ஸ்விட்ச்சுக்குக் கூட, எட்டு வருஷம் ஆனதுக்கு அப்புறம், 2025ல அமெரிக்கால விலைய ஏத்துனாங்க. கன்சோல் வரலாற்றுல இந்த அளவுக்கு வயசாக வயசாக விலை ஏறுனது எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

ஏன் இப்படி ஆச்சுன்னா, அத நான் பெஞ்சுல தினமும் கண்ணால பாக்குறேன். ஆரம்பகால பிஎஸ்2 ஒண்ண பிரிச்சா போர்டுல பெரிய சிப் ரெண்டு உக்காந்திருக்கும், ஒண்ணு கணக்கு போட, ஒண்ணு படம் வரைய. பின்னாடி வந்த மாடல பிரிச்சா அந்த ரெண்டும் சேர்ந்து ஒரே சிப்பா சுருங்கி, போர்டு சின்னதா, பவர் சப்ளை சின்னதா, ஃபேன் சின்னதா இருக்கும். சிப் சுருங்க சுருங்க ஒரே சிலிக்கான் தகட்டுல அதிக சிப் எடுக்கலாம், செலவு குறையும், அத விலையில குறைப்பாங்க. பிஎஸ்5லயும் 2022ல சிப் 7 நானோமீட்டர்ல இருந்து 6க்கு வந்துச்சு, ஹீட்சிங்க் எடை குறைஞ்சுது, ஆனா விலை குறையல, ஏன்னா புது அளவுல சிப் செய்யுற தகட்டோட விலையே ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறிட்டே போகுது, சுருங்குனா மிச்சம்ங்கிற அந்தக் கணக்கு இப்ப வேலை செய்யல.

அதோட மெமரி. பிஎஸ்5 போர்டுல நடுவுல பெரிய சிப், அத சுத்தி எட்டு மெமரி சிப், ஒவ்வொண்ணும் 2 ஜிபி, மொத்தம் 16. இந்த மெமரி செய்யுறது உலகத்துல பெருசா மூணு கம்பெனி, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்காரங்க எவ்வளவு விலைன்னாலும் மெமரி எடுத்துக்குறோம்னு வந்து நிக்கிறதால இவங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க, 2025 டிசம்பர்ல மைக்ரான் கடையில சாதாரண ஜனங்களுக்கு விக்கிற க்ரூசியல் பிராண்டயே நிறுத்துறோம்னு அறிவிச்சிடுச்சு. கன்சோல் கம்பெனிங்க இந்தப் போட்டியில சின்ன ஆள். பிஎஸ்6க்கு இத விட மெமரி அதிகமா தான் வேணும், அப்ப அதோட விலை எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அது விலை அதிகமா வந்தா பிஎஸ்5 விலைய பாதியாக்க யாருக்கும் அவசியமே இருக்காது.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. முந்தி கன்சோல நஷ்டத்துக்கு வித்து கேம்ல எடுப்பாங்க, 2022ல எக்ஸ்பாக்ஸ் தலைமையில இருந்த ஃபில் ஸ்பென்சரே ஒரு பெட்டிக்கு 100ல இருந்து 200 டாலர் வரைக்கும் கை நஷ்டம்னு வெளிப்படையா சொன்னார். அவங்க ஆன்லைன் கடையில விக்கிற ஒவ்வொரு கேம்லயும் 30 சதவீதம் கிடைக்கும்ங்கிற தைரியத்துல தாங்குன நஷ்டம் அது. இப்ப கேம் செய்யுற செலவு எங்கயோ போயிடுச்சு, தி லாஸ்ட் ஆஃப் அஸ் ரெண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடின்னு 2023ல கோர்ட் கேஸ் ஒண்ணுல வெளிய வந்துச்சு. பெட்டியிலயும் நஷ்டம், கேம்லயும் இவ்வளவு செலவுன்னா எத்தனை நாள் தாங்க முடியும்? அதனால பெட்டியில நஷ்டப்படுறத எல்லாரும் குறைச்சுக்கிட்டு வராங்க.

எக்ஸ்பாக்ஸ் கடைய சாத்துதான்னா, கடைய சாத்தல, ஆனா கடையோட வகையே மாறிடுச்சு. 2001ல இருந்து எக்ஸ்பாக்ஸோட முகமே ஹேலோங்கிற கேம் தான், அந்த முதல் ஹேலோவ புதுசா பண்ணி 2026ல பிஎஸ்5லயும் விடுறோம்னு 2025 அக்டோபர்ல சொன்னாங்க, ஃபோர்ஸா ஹொரைசன் 5ம் கியர்ஸும் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான் சின்ன வயசுல இருந்து இந்த மெஷின்கள பாத்துட்டு வர்றவன், ஹேலோ பிளேஸ்டேஷன்ல ஓடும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், அத கேட்டப்ப மனசுக்கு கஷ்டமாவே இருந்துச்சு. இன்னொரு பக்கம் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கு சிப் கம்பெனி ஏஎம்டியோட ஒப்பந்தம்னு 2025 ஜூன்ல அறிவிச்சாங்க, அக்டோபர்ல எக்ஸ்பாக்ஸ் பேர் போட்ட ஆர்ஓஜி அலை (ROG Ally) கையடக்க மெஷின் வந்துச்சு, உள்ள ஓடுறது விண்டோஸ், விலை 599 டாலரும் 999 டாலரும். இத எல்லாம் சேர்த்துப் பாத்தா அடுத்த எக்ஸ்பாக்ஸ் டிவிக்கு கீழ வைக்குற விண்டோஸ் பிசி மாதிரி தான் இருக்கும், விலையும் பிசி விலையில இருக்கும்னு நினைக்கிறேன். வால்வ் கம்பெனி ஸ்டீம் மெஷின்னு ஒரு கேம் பெட்டிய 2025 நவம்பர்ல அறிவிச்சதும் அதே ரூட்டு தான், அது லினக்ஸ். நின்டெண்டோ தன் வழியில தனியா போகும், இந்தியால அவங்க முறைப்படி கடை விரிக்காததால வெளிநாட்டுல இருந்து வர்ற பீஸ் தான் கிடைக்கும், வாரண்டி பிரச்சனை வேற, அத விடுங்க.

பிஎஸ்6 எப்ப வரும்? சோனி தேதி சொல்லல. பிஎஸ்5வ வடிவமைச்ச மார்க் செர்னி 2025 அக்டோபர்ல ஏஎம்டிகாரரோட உக்காந்து பேசுன வீடியோல, இந்த புது டெக்னாலஜிய இன்னும் சில வருஷத்துல வரப்போற கன்சோல்ல கொண்டு வரணும்னு ஆசைன்னு மட்டும் சொன்னார். 2006, 2013, 2020னு ஏழு ஏழு வருஷ இடைவெளிய வச்சுப் பாத்தா 2027 கடைசின்னு வரும், மெமரி நிலைமைய பாத்தா தள்ளிப் போனாலும் ஆச்சரியம் இல்ல. வெளிநாட்டுல வந்த அன்னைக்கே இங்க வரும்னும் நினைக்காதீங்க, பிஎஸ்5 மூணு மாசம் கழிச்சு தான் வந்துச்சு, பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர்ல வந்தப்ப இந்தியாவுக்கு வரவே இல்ல, அதுல இருக்குற வைஃபைக்கு தேவைப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்ப இங்க அனுமதி இல்லாததால.

வந்தாலும் அதுக்கே உரிய கேம் உடனே நிறைய வராது. பிஎஸ்5 வந்து ரெண்டு வருஷம் கழிச்சு 2022ல காட் ஆஃப் வார் ரக்னராக் வந்துச்சு, அது பிஎஸ்4லயும் ஓடுச்சு. கிரான் டூரிஸ்மோ 7, ஹொரைசன், எல்லாம் அப்படித்தான். கால் ஆஃப் டியூட்டி 2025லயும் பிஎஸ்4க்கு வந்துச்சு, பன்னெண்டு வருஷம் ஆன மெஷினுக்கு. 8 கோடிக்கு மேல பிஎஸ்5 வீடுகள்ல உக்காந்திருக்கு, அத்தனை பேர விட்டுட்டு எந்த கம்பெனியும் 22 கோடி டாலர் போட்டு புது மெஷினுக்கு மட்டும் கேம் பண்ணாது. அதனால இப்ப வாங்குற பிஎஸ்5ல 2030 தாண்டியும் புது கேம் விளையாடலாம்னு நான் தைரியமா சொல்வேன். பிஎஸ்4ல இருந்து பிஎஸ்5க்கு வந்தா வித்தியாசம் கண்ணுக்கு நேரா தெரியும், ஹார்ட் டிஸ்க் போய் செகண்டுக்கு 5.5 ஜிபி படிக்கிற எஸ்எஸ்டி வந்ததால லோடிங்ல உக்காந்து ஃபோன நோண்டுற வேலையே இல்ல. அடுத்த தாவல் அந்த அளவுக்கு தெரியாது, அது படத்த கம்மி பிக்சல்ல வரைஞ்சு மீதிய ஏஐய வச்சு நிரப்புற திசையில போகுது, ப்ரோவுலயே அது ஆரம்பிச்சாச்சு, படம் தெளிவா இருக்கும், நல்ல விஷயம் தான், ஆனா அதுக்காக ரெண்டு மூணு வருஷம் கையில காச வச்சுக்கிட்டு பழைய மெஷின்ல உக்காந்திருக்கணுமா?

இப்ப டிஸ்க் விஷயம். இதுல உங்க ஃப்ரெண்ட் கவனிச்சது சரி, டிஸ்க் குறைஞ்சுகிட்டே தான் வருது. ப்ரோ மாடலே டிரைவ் இல்லாம தான் வருது, வேணும்னா தனியா காசு குடுத்து மாட்டிக்கணும். ஸ்விட்ச் 2ல கேம் கீ கார்டுன்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க, கார்டுக்குள்ள கேம் இருக்காது, டவுன்லோட் பண்ண சாவி மட்டும் தான். பிஎஸ்6 டிரைவ் இல்லாம வந்து, தனியா மாட்டுற மாதிரி இருக்கும்னு தான் நானும் எதிர்பாக்குறேன். ஆனா இதுல இருந்து ஃப்ரெண்ட் வந்து சேர்ந்த முடிவு தலைகீழ். டிஸ்க் குறையுதுன்னா கையில இருக்குறத பத்திரமா வச்சுக்கணும், வித்துடக் கூடாது.

ஏன்னா டிஜிட்டல் கடைங்க மூடுறத நாம பாத்துட்டோம். நின்டெண்டோவோட வீ யூ, 3டிஎஸ் மெஷின்களுக்கான ஆன்லைன் கடை 2023 மார்ச் 27ல மூடுச்சு. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29ல. பிஎஸ்3 கடைய 2021ல மூடுறோம்னு சோனி சொல்லிட்டு, ஜனங்க சத்தம் போட்டதும் வாபஸ் வாங்குனாங்க. தி க்ரூன்னு ஒரு கார் கேம், யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல சர்வர நிறுத்துனதும் காசு குடுத்து வாங்குனவங்க யாராலயும் விளையாட முடியல, அதுல டிஸ்க் இருந்தும் பிரயோஜனம் இல்ல, அது எப்பவும் ஆன்லைன்ல இருந்தா தான் ஓடும் ரகம். கலிஃபோர்னியா மாநிலத்துல 2025 ஜனவரியில இருந்து ஒரு சட்டமே வந்திருக்கு, டிஜிட்டல்ல விக்கிறவங்க இது சொந்தம் இல்ல, உபயோகிக்க அனுமதி மட்டும் தான்னு தெளிவா சொல்லணும். 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு பண்ணி, அமெரிக்கால வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்கு கடையில வாங்க வழியே இல்லன்னு சொன்னாங்க. நூத்துக்கு 87. அத்தனை பேர் உழைச்சு செஞ்ச வேலை தம்பி, எனக்கு அத படிச்சப்ப வயிறே கலங்கிடுச்சு.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன், உங்க பிஎஸ்4க்குள்ளயே இருக்கு. போர்டுல கடிகாரத்துக்காக ஒரு நாணய பேட்டரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் கடையில கிடைக்குறது. அது தீந்து போனா ஆரம்பத்துல மெஷின் சோனி சர்வர்ல நேரத்த சரி பாத்தா தான் கேம ஓட்டும், டிஸ்க் உள்ள இருந்தாலும் அதே தான். சர்வர் ஒரு நாள் நின்னா உலகத்துல இருக்குற பிஎஸ்4 எல்லாம் பேட்டரி தீர தீர ஒவ்வொண்ணா படுத்துடும்னு அர்த்தம். இத கண்டுபிடிச்சு ஜனங்க விடாம பேசுனாங்க, 2021 செப்டம்பர்ல வந்த 9.00 அப்டேட்ல சத்தமில்லாம சரி பண்ணிட்டாங்க. அதனால உங்க பிஎஸ்4 9.00 இல்ல அதுக்கு மேல உள்ள வெர்ஷன்ல இருக்கான்னு செட்டிங்ஸ்ல பாத்துக்குங்க. வாங்குனவங்க பேசுனா கம்பெனிங்க கேக்குறாங்கங்கிறதுக்கு இதுவும் பிஎஸ்3 கடையும் சாட்சி. 2023ல டிஜிட்டல்ல மட்டும் வந்த ஆலன் வேக் 2க்கு ஒரு வருஷம் கழிச்சு டிஸ்க் வந்ததும் கேட்டதால தான்.

வாங்கப் போறப்ப கவனிக்க வேண்டியத சொல்லிடுறேன். டிஜிட்டல் எடிஷன் கம்மி விலைன்னு கடைக்காரர் தள்ளுவார், உங்ககிட்ட இருபத்தஞ்சு டிஸ்க் இருக்கு, அது அத்தனையும் வீணாப் போகும். பிஎஸ்4 டிஸ்க் கிட்டத்தட்ட எல்லாமே பிஎஸ்5ல ஓடும், சில கேமுக்கு பிஎஸ்4 டிஸ்க்க போட்டாலே பிஎஸ்5 வெர்ஷன் இலவசமாவோ கொஞ்சம் காசுக்கோ கிடைக்கும், டிரைவ் இல்லன்னா அது எதுவும் இல்ல. ஸ்லிம் மாடல்ல அப்புறமா டிரைவ் வாங்கி மாட்டலாம், பழைய பெரிய டிஜிட்டல் மாடல்ல அதுக்கும் வழி இல்ல. பண்டிகை சமயத்துல ஆஃபர் போடுவாங்க, அதுக்கு சில வாரம் பொறுத்தா தப்பில்ல, அது மாமா சொல்ற வருஷக்கணக்கான காத்திருப்பு இல்ல.

செகண்ட் ஹேண்ட் பாக்குறீங்கன்னா டார்ச் அடிச்சு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்குள்ள பாருங்க, பின் வளைஞ்சோ உள்ள அமுங்கியோ இருந்தா விட்டுடுங்க, என் பெஞ்சுக்கு அதிகமா வர்ற கோளாறு அது தான். உங்க டிஸ்க் ஒண்ண கையோட கொண்டு போய் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, உங்க அக்கவுண்ட்ல லாகின் பண்ணிப் பாருங்க, ஆன்லைன்ல தடை பண்ணுன மெஷின்னா அங்கயே தெரிஞ்சிடும். டிஸ்க் படிக்கல, டிரைவ மாத்திட்டா போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. முதல்ல வந்த பிஎஸ்5 மாடல்கள்ல டிரைவோட போர்டு மெயின் போர்டோட ஜோடி சேர்த்திருக்கு, வேற மெஷின்ல இருந்து எடுத்து மாட்டுனா படிக்காது, ஒரிஜினல் டிரைவ்ல இருக்குற அந்த சின்ன போர்ட கழட்டி புது டிரைவுக்கு மாத்தணும், அது தொலைஞ்சு போன மெஷின் நிறைய என்கிட்ட வந்திருக்கு, ஒண்ணும் பண்ண முடியாம திருப்பி அனுப்பியிருக்கேன், அந்த முகங்கள பாக்கவே சங்கடமா இருக்கும். தனியா மாட்டுற புது டிரைவும் முதல் தடவ நெட்ல ஜோடி சேர்த்தா தான் வேலை செய்யும், அதனால வாங்குன அன்னைக்கே மாட்டி முடிச்சிடுங்க. பிஎஸ்5 சிப்புக்கு மேல லிக்விட் மெட்டல் போட்டிருக்காங்க, கரண்ட் கடத்துற பொருள், தெரியாத கை பிரிச்ச மெஷின்னா அது வழிஞ்சு போர்டயே எரிச்சிடும், சீல் உடைஞ்சிருந்தா யார் பிரிச்சா, எதுக்கு பிரிச்சான்னு கேளுங்க.

புது மெஷின் வந்ததும் பிஎஸ்4ல இருக்குற சேவ் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுங்க, அதுக்கு பிளஸ் சந்தா தேவையில்ல, அத பிஎஸ்5ல போட்டா பிஎஸ்4 கேம விட்ட இடத்துல இருந்தே தொடரலாம். பிஎஸ்4வ தூசி எடுத்து, சூடு தாங்குற பேஸ்ட் மாத்தி, அந்த நாணய பேட்டரியையும் புதுசு போட்டு வச்சிடுங்க, டிஸ்க்க டப்பால நிக்க வச்சு வெயில் படாத அலமாரியில அடுக்குங்க. ஃப்ரெண்ட் கேட்டா நான் எழுதுனத அப்படியே காட்டுங்க, அவருக்கு விக்கிற எண்ணம் இருந்தா அவர் டிஸ்க்ல எது எது இருக்குன்னு பாத்து நல்லத நீங்களே வாங்கிக்குங்க.